பள்ளம் என்ற சொல்லுக்கான செலவு

பல்கலைக்கழகத்தின் மேற்கு மூலையில்
கீழே தபால் நிலையம், மாடியில் நாங்கள்:
மானுடப் புலங்களுக்கான ஆய்வு நிறுவனம்.
நான் ஆய்வாளர் இல்லை. கணக்கு.
பயணப்படி, நகலெடுப்பு, தேநீர்
எதற்கும் ஒரு தலைப்பு வேண்டும்.
தலைப்பில்லாத செலவைத் தணிக்கை ஏற்காது.

அந்த வருடம் நாலு துறை சேர்ந்து
ஒரு சொல்லை எடுத்துக்கொண்டார்கள்.
விண்ணப்பத்தில் அதற்குப் பெயர் 'துறைகளிடை அணுகுமுறை'.
அலுவலக உதவியாளர் ஆறுக்குட்டி
ஒரே வார்த்தையில் முடித்தார்: 'ஒட்டுக்கா'.
நிதி நான்கு லட்சத்து எண்பதாயிரம்.
ஒரு சொல்லுக்கு இது அதிகம் என்று தோன்றியது.
யாரும் என்னைக் கேட்கவில்லை.

சொல்: பள்ளம்.

'வெளியூர்க்காரனுக்கு அது குழி,
நமக்கு ஓடை' என்றார் மொழியியல் ரங்கநாயகி.
வரலாறு ஜெசிந்தா
ஆவணக் காப்பகத்தில் பதினேழு நாள் தும்மிவிட்டு
(முகக்கவசம் ஒரு பெட்டி, இருநூற்று நாற்பது)
ஒரு பதிவேட்டோடு வந்தார்.
எந்த ஊரிலிருந்தோ வந்த எழுத்தர்
உசிலம்பள்ளத்தை ஆங்கிலத்தில்
தாழ்ந்த தரை என்று எழுதியிருக்கிறார்.
அடுத்த பதிவேட்டில் தரிசு.
அதற்கும் அடுத்ததில், மனைக்கு ஏற்றது.
மூன்று பேரும் நல்ல கையெழுத்துக்காரர்கள்.
ஒருவரும் பொய் எழுதவில்லை.

புவியியல் சம்சுதீன் செயற்கைக்கோள் படத்தை விரித்து
கூரைகளுக்கு அடியில் ஒரு ஈரக்கோடு காட்டினார்.
தத்துவம் மாசிலாமணி
'முப்பது வருடம் ஓடாத ஓடை ஓடைதானா?' என்று கேட்டுவிட்டு
ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.
அவர் கேள்விக்கு மட்டும் ரசீது வரவில்லை.

வியாழன் தோறும் சண்டை.
ஆதாரம் என்றால் நாலு பேருக்கும் நாலு அர்த்தம்.
வெளியே நான் டம்ளர்களை எண்ணினேன்.
எட்டு போய்ப் பதினொன்று,
பாதி ஆறிப்போய்த் திரும்பின.

ஒரு வியாழன் மருதாசலம் வந்தார்.
தகவலாளர் மதிப்பூதியம் ஐந்நூறு, வவுச்சரில் கையெழுத்து.
'மூடுனது நாந்தானுங்க.
அப்பொ ஜேசிபி ஏது, டிப்பருதான்.
எத்தன லோடுன்னு எழுதி வெச்சிருக்கறனுங்க.'

உரக் கம்பெனி டைரி.
தேதி, லோடு, டீசல், பேட்டா.
செப்பேட்டைத் தொடுவதுபோல் ஜெசிந்தா தொட்டார்.
மாசிலாமணி முதல்முறையாக ஒரு எண்ணைக் குறித்துக்கொண்டார்.
ஆனால் சுருக்கெழுத்து யாருக்கும் பிடிபடவில்லை.
பற்று எது, பாக்கி எது, 'செ.ந. 4 வீ' என்றால் என்ன.
என்னைக் கூப்பிட்டார்கள்.

இது எனக்குத் தெரிந்த மொழி.
மடமடவென்று வாசித்தேன்.
ஒண்ணாம் வீதி அறுநூற்றுப் பத்து லோடு,
ரெண்டாம் வீதி ஐந்நூற்று எண்பது.
செ.ந. என்றால் செல்வலட்சுமி நகர்.
நாலாம் வீதி.
மனை இருபத்தேழு, நாற்பத்தொரு லோடு,
செம்மண்ணும் கட்டட இடிபாடும்.

மூன்று முறை பூசியும்
பொரிந்துகொண்டே இருக்கும் சமையலறைச் சுவர்.
தொட்டி ஈசானியத்தில் இல்லை என்றவருக்குக்
கொடுத்த ஆயிரத்தோரு ரூபாய்.
இன்னும் பதினோரு வருடத் தவணை.

'போதுங்க' என்றார் ரங்கநாயகி, என் முகத்தைப் பார்த்து.
நான் நிறுத்தவில்லை.
கூட்டுத்தொகை வரும்வரை வாசித்தேன்.
கணக்கை நடுவில் விடக் கூடாது.

மார்ச்சில் அறிக்கை போயிற்று.
நன்றியுரையில் என் இனிஷியல் தப்பு.
நிதி முழுவதும் ஒதுக்கிய நோக்கத்துக்கே செலவானது என்று
பயன்பாட்டுச் சான்றிதழ் தட்டச்சு செய்தேன்.

ஐப்பசியில் ஒரு ராத்திரி
அரிசி மூட்டையைத் தூக்கி மேடைமேல் வைத்துவிட்டு
வசந்தாமணி கத்தினாள்:
'கார்ப்பரேஷனுக்குப் போன் போடுங்க,
குழியாட்ட நிக்குது தண்ணி!'

டார்ச் அடித்துப் பார்த்தேன்.
கேஸ் சிலிண்டரைச் சுற்றி,
பின்வாசல் நிலையில் ஒருமுறை முட்டி,
என் இடதுகால் செருப்பு
கிழக்கே திரும்பியது.

'நிக்கல' என்றேன். 'போகுது பாரு.'