உள்பக்கம்

முஹு தீவில் ஜூன் மாதம்
இரவு பத்தரைக்கும் விளக்கில்லாமல் ஊசி கோக்கலாம்.
டார்மோ கோக்கிறான்.
படகுத்துறையில் டிக்கெட் கிழிக்கிற விரல்கள்,
நூல் நுனியை எச்சில் தொட்டு எச்சில் தொட்டு.

ஈஸ்டருக்கு எடுத்த அளவு.
அம்மா வீட்டில் மகள் வளர்ந்திருப்பாள் என்று
கீழ்விளிம்பில் நாலு விரற்கடை
மடித்துவிட்டிருக்கிறான்.

கழுத்தைச் சுற்றிப் பதினோரு நீலப் பூ.
எட்டாவதை மூன்று முறை பிரித்தான்;
துணியில் இன்னும் அந்த ஓட்டைகள்.

லேலோ வந்தாள். போட்டுக்கொண்டாள்,
உள்பக்கம் வெளியே தெரிய.
முடிச்சு, பிசிறு,
பூவுக்குப் பூ குறுக்கே தாவிய நூல்.

"திருப்பிப் போடு, கண்ணு."
"மாட்டேன். இந்தப் பக்கம்தான்
நீ எங்கெங்கே போனேன்னு தெரியுது."

நாற்காலிமேல் நிற்கவைத்து
மடிப்பைப் பிரித்தான்.
நாலு விரலும் தேவைப்பட்டது.