தூண் இல்லாத கூரை

நாந்தேர், 1958

ஒரே குழாய். எனக்கு முன்னால் நாற்பது வாளி.
நிற்கும் இடத்திலிருந்து பார்த்தால்
மெஸ்ஊத் வேலை செய்யும் கட்டடம் தெரியும்.
மூன்றே கால் ஊன்றி
வெள்ளை வெளேரென்று ஒரு காங்கிரீட் வளைவு.
"உள்ளே ஒரு தூண்கூடக் கிடையாது" என்பான்,
தானே தாங்கிப் பிடிப்பவன் மாதிரி.

எங்கள் வீட்டில் ஒன்று இருக்கிறது, நட்டநடுவில்.
ஒரு காலத்தில் தண்டவாளக் கட்டை.
அதைச் சுற்றித்தான் ஏழு பேரும் படுக்கிறோம்.
ஸோரா எவ்வளவு வளர்ந்தாள் என்று
அதில்தான் ஆணியால் கீறி வைக்கிறேன்.
மேலே தகரம், தகரத்தின் மேல் டயர்,
டயருக்குள் போன வாரத்து மழை.

மாலையில் சாப்பாட்டு டப்பாவில்
ஒரு பிடி சிமெண்ட் வரும்.
திருட்டு என்றால் திருட்டுதான்.
ஐந்து மாதம் சேர்த்து
வாசற்சேற்றில் ஒரு பாய் அகலம் தரையாக்கினோம்.
காயும் முன்னே ஸோரா கால் வைத்துவிட்டாள்.
அடித்தேன்.

வியாழக்கிழமை கடப்பாரையோடு வந்தார்கள்.
புதிதாக எதுவும் கட்டக் கூடாதாம் இங்கே.
ஒரு பாய் அகலத்துக்கு மூன்று போலீஸ்காரர்கள்,
தொப்பியைக் கழற்றி
என் வாளிமேல் வைத்துவிட்டு.

அந்த வாரமே பத்திரிகையில் முழுப் பக்கப் படம்:
வளைவு, ரிப்பன், கோட்டு போட்ட கூட்டம்.
மெஸ்ஊத் விளக்கைக் கிட்டே இழுத்து
வெகுநேரம் தேடிக்கொண்டிருந்தான்,
யாரை என்று நான் கேட்கவில்லை.
மறுநாள் மாவுப் பசை காய்ச்சி
காற்று வரும் விரிசலில் அதை ஒட்டினேன்.

உடைந்ததில் ஒரு துண்டை மட்டும் எடுத்து வைத்திருக்கிறேன்.
ஐந்து விரல் பதிந்த சின்னக் கால்.
நல்ல கனம்.
காற்று பலமாக அடிக்கும் இரவில்
கூரைமேல் வைப்பேன்.