கூலிக்காற்று

மதியம் இரண்டரைக்கு வரும்.
பாரேயாலில் அதற்குக் கூலிக்காரன் என்றே பெயர்.
ஆண்டீஸின் காலடியில் ஏழுமணிவரை உழைத்துவிட்டு
யாரிடமும் சொல்லாமல் கிளம்பிவிடும்.

வற்றிப்போன ஏரி. வெடித்து வெளுத்த களிமண்.
பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டருக்கு ஒரு புல் கிடையாது.
அங்கே ஸுலேமா தாபியா
மூன்று சக்கர வண்டியொன்றைக் கொண்டுவந்து நிறுத்தினாள்.
பாய் இல்லை.
இரண்டாள் உயரத்தில் ஒரு விசிறி,
பின் அச்சிலிருந்து அதற்கு ஒரு சைக்கிள் சங்கிலி.
சங்கிலி என் கடையில் கடனுக்கு எடுத்தது.

காற்று போகும் திசையிலேயே போய்
காற்றை முந்துவேன் என்றாள்.
நான் பஞ்சர் ஒட்டுகிறவன்.
சுமக்கிறவனைச் சுமை முந்துமா?
ஒரு கிடாய் பந்தயம் கட்டினேன்.

என் கணக்கு இதுதான்:
காற்றின் வேகத்தை எட்டிவிட்டால்
அவளுக்குக் காற்றே இருக்காது.
இல்லாத காற்று எதைத் தள்ளும்?
டயர் கழற்ற வந்த எல்லோரிடமும் சொன்னேன்.
எல்லோரும் தலையாட்டினார்கள்.
தலையாட்ட வசதியான கணக்கு.

அவள் வாதாடவில்லை.
ஆலிவ் தின்றுகொண்டிருந்தாள்.
கொட்டையை இரு விரலுக்கு நடுவே வைத்து அழுத்தினாள்;
அது எகிறி என் கிரீஸ் டப்பாவுக்குள் விழுந்தது.
"விரல் எவ்வளவு நகர்ந்தது, தெல்ஃபோர்?
கொட்டை எவ்வளவு தூரம் போச்சு?"
எனக்குக் கிரீஸ் பாழானது மட்டும்தான் தெரிந்தது.

வண்டி முகப்பில் ஒரு கம்பு, கம்பில் சிவப்பு நாடா.
அதுதான் நடுவர்.
நான் பக்கத்திலேயே பிக்கப் ஓட்டினேன்,
பால்கார எவாரிஸ்தோ ஜன்னலுக்கு வெளியே பாதி உடம்பாக.

முதலில் நாடா முன்னால் நீண்டது,
வழி சொல்கிற கைபோல.
பிறகு தளர்ந்தது.
பிறகு

தொங்கியது.

கிளம்பும்போது எழுந்த புழுதி
அவளைச் சுற்றி அப்படியே கூட வந்தது.
சட்டைக் காலர் அசையவில்லை.
அத்தனை காற்றுக்கு நடுவில்
பூட்டிய அறையின் அமைதி.
இங்கேதான் நிற்கும் என்றேன்.
கிடாய் பிழைத்தது என்றேன்.

விசிறி நிற்கவில்லை.
அதைச் சுற்றியது சக்கரம்,
சக்கரத்தைச் சுற்றியது தரை.
தரை பின்னால் ஓட ஓட
விசிறி காற்றைப் பின்னுக்கு உதைத்தது.
நகராத மண் ஒரு விரல்
நகர்கிற காற்று ஒரு விரல்
நடுவில் அவள்.

நாடா ஒருமுறை நெளிந்தது.
எந்தப் பக்கம் என்று தெரியாத பாம்பாய்த் தயங்கி
அவள் முகத்துக்கே திரும்பிவிட்டது.
முதுகில் அடிக்க வேண்டிய காற்று
நெற்றியில் அடித்து முடியைக் கலைத்தது.
எவாரிஸ்தோ கூவினான்.
நான் வேகமானியின் கண்ணாடியைத் தட்டிப் பார்த்தேன்,
முள் ஒட்டிக்கொண்டதோ என்று.
ஒட்டிக்கொள்ளவில்லை.

ஏரி முடிகிற இடத்தில் பிரேக் கருகிய நாற்றம்.
அவள் இறங்கினாள், கையுறை கழற்றினாள்,
பாட்டில் மூடியைத் தேடினாள், தண்ணீர் குடித்தாள்.
அப்புறம்தான் வந்து சேர்ந்தது
அவளோடு கிளம்பிய புழுதி,
வேலைக்குப் பிந்தி வந்தவன்போல
எங்கள் கால்களைச் சுற்றிக்கொண்டு.

கிடாயை ஞாயிற்றுக்கிழமை ஓட்டிவந்து கட்டினேன்.
சங்கிலிக் காசு இன்னும் வரவில்லை.