தை பன்னிரண்டு

கொட்டகைத் தூணில் நகைக்கடைக் காலண்டர்.
தை பன்னிரண்டாம் தாளைத் தூக்கி
சிவப்புப் பேனாவில் வட்டம் போட்டுவிட்டு
ஓசூருக்கு லோடு ஏற்றிப் போயிருக்கிறார் அல்போன்ஸ்.
மூணு மாசம், மூணு வாரம், மூணு நாள்:
கணக்கு அவருடையது.
ஏழாம் நம்பருக்கு அது தெரியாது.

இன்று தை பத்து.
போன ஈத்துக்குப் பதித்த ஆத்தங்குடிக் கல்லை
கடப்பாரை போட்டுப் பெயர்த்தாகிவிட்டது.
உடைசல் சும்மா கிடைக்கிறதென்று
அரை வண்டி கொண்டுவந்தவர் அவர்தான்.
அந்தப் பூப்போட்ட வழுவழுப்பில்
கால் பரப்பி அவள் சாய்ந்தபோது
அடியில் இரண்டு குட்டி.
கத்தினவா என்றுகூட எனக்குத் தெரியாது,
தண்ணீர் எடுக்கப் போயிருந்தேன்.

இப்போது சொரசொரச் சிமெண்ட்.
சுவரோரமாய் இரும்புக் குழாய்,
சுவருக்கு ஒரு சாண், தரைக்கு ஒரு சாண்.
அவள் படுக்கையில்
அந்தச் சந்துக்குள் ஓடத் தெரிந்தது பிழைக்கும்.

மண்டபத்து மிச்சத்தை முந்தாநாளே நிறுத்திவிட்டேன்.
தவிட்டுக் கஞ்சி வாளியைப் பார்த்தாள்,
என்னைப் பார்த்தாள்.
தை முகூர்த்தமெல்லாம்
கவுணி அரிசி தின்று பழகிய வாய்.

வெந்நீரில் சோப்புப் போட்டு
வயிறு, மடி, பின்தொடை எல்லாம் தேய்த்தேன்.
செம்மண் கரைந்து ஓடி
உள்ளே இருந்த வெள்ளைப் பன்றி வெளியே வந்தது.
காம்பு பதினாலு. ஒன்று தூர்ந்துபோனது.
பதின்மூன்றுக்கு மேல் போட்டுவிடாதே என்றேன்
காதுக்குள்.

குண்டு பல்புக்குத்தான் அலைந்தேன்.
எல்லாக் கடையிலும் எல்.இ.டி.,
வெளிச்சம் இருக்கிறது, சூடு இல்லை.
தேவகோட்டையில் கோழிக்குஞ்சு விற்கிறவர்
தன் தலைக்கு மேல் எரிந்ததையே கழற்றித் தந்தார்,
துணியில் பிடித்து.

நாலு மணிக்கு ஆரம்பித்தாள்.
ஐந்து கட்டு வைக்கோலையும் மூக்கால் ஒதுக்கிவிட்டு
பனிக்கு மறைப்பாய் நான் கட்டியிருந்த
கல்யாண ஃப்ளெக்ஸைப் பிடித்து இழுத்தாள்.
‘உமையாள் வெட்ஸ் சாத்தப்பன்.’
உமையாள் மூலைக்குப் போனாள்,
சாத்தப்பன் பாதி வாயில் தொங்கினார்.
குட்டி அடியில் மாட்டினால் மூச்சு முட்டிவிடும்,
உருவி எடுத்தேன். திரும்ப இழுத்தாள்.
எடுத்தேன். உறுமினாள்.
கொடியில் கிடந்த அல்போன்ஸின் லுங்கியை எறிந்தேன்.
அதைக் கிழித்தாள், மோந்தாள்,
வைக்கோலோடு சேர்த்து மிதித்தாள்.
அது சரி என்று பட்டிருக்கிறது.

எட்டு மணிக்குக் காம்பை அமுக்கினால்
சொட்டாய் இல்லை, பீய்ச்சியது,
என் மணிக்கட்டு வரைக்கும்.

போனில் அவர்:
"இன்னும் ரெண்டு நாள் கெடக்கு ரீத்தா,
கதவைச் சாத்திட்டுப் போய்ப் படு."
சரி என்றேன்.
லுங்கியைப் பற்றிச் சொல்லவில்லை.

நூலும் கத்தரியும் வெந்நீரில்.
அயோடினைப் பழைய காப்பித் தம்ளரில் ஊற்றி
இனி இதில் காப்பி குடிக்கக் கூடாது என்று
எனக்கே ஒரு தடவை சொல்லிக்கொண்டேன்.
அட்டைப்பெட்டிக்குள் கோணி,
மேலே பல்பு.
கையை நீட்டி எண்ணினேன்,
இருபது எண்ணுவதற்குள் கை தாளவில்லை,
ஒரு முழம் உயர்த்திக் கட்டினேன்.

பிறகு ஒன்றும் இல்லை.
கல்லல் பக்கம் ரயில் போனது.
அவள் எழுந்தாள், படுத்தாள், எழுந்தாள்.
நான் கவிழ்த்த வாளிமேல் உட்கார்ந்து
தூங்கிவிட்டேன் போல.

விழித்தபோது மணி இரண்டு பத்து.
பக்கவாட்டில் நீட்டிப் படுத்திருந்தாள்,
வால் மட்டும் வெடுக்கென்று ஆடியது.
துண்டைத் தேடினேன்.
மடியில் வைத்திருந்த துண்டு
எப்போது உருவினாளோ,
அவள் தோளுக்கு அடியில், லுங்கிக்குப் பக்கத்தில்.

சத்தமில்லாமல் வழுக்கி வந்து விழுந்தது,
மூக்கு வாயெல்லாம் சவ்வு.
எட்டின கைக்குக் காலண்டர்தான் கிடைத்தது.
பத்து, பதினொன்று, பன்னிரண்டு,
மூன்றையும் சேர்த்துக் கிழித்துக்
கசக்கித் துடைத்தேன்.
சிவப்பு மை மூக்கில் ஒட்டியது.
தும்மியது.

தொப்புளைப் பிடித்து
நூலைச் சுற்றுவதற்குள்
வால் மறுபடியும் ஆடுகிறது.
இரு, இருடி,
ஒரு கைதான் இருக்கிறது.