மூன்று ஐந்து நோட்டு

பீடோங் பசாரில் மீன் வாங்கும்போது
அம்மா தராசைப் பார்த்ததில்லை.
செனாங்கின் மீனை இரு கையிலும் ஏந்தி
தலைப்பக்கம் கொஞ்சம் உயர்த்திப் பிடித்து
"ஒன்றே கால்" என்பாள்.
ஆ லோய் தராசில் போட்டுப் பார்த்து
ஒவ்வொரு முறையும் சிரிப்பான்.
அவனையும் அப்படித்தான் ஏந்தியிருக்கிறாள்,
கடைக்குப் பின்னால், அரிசி மூட்டைகளுக்கு நடுவில்,
வெள்ளம் சாலையை மூடிய ஓர் இரவில்.

தனபாக்கியம் என்று கூப்பிட
அப்பா ஒருவர்தான் இருந்தார்;
அவரும் சீக்கிரம் போய்விட்டார்.
மற்றவர்களுக்கு மிஸ்ஸி.
துரைக்கு மிஸ்ஸி, கிராணிக்கு மிஸ்ஸி,
லயத்து நாய்களுக்குக்கூட
அந்த வெள்ளைச் சப்பாத்தின் சத்தம் தெரியும்.
எனக்கும் சில நாள் மிஸ்ஸிதான்.
காய்ச்சல் என்று போய் நின்றால்
"வரிசைல நில்லு" என்பாள்.
பத்தொன்பதாவது ஆளாக நின்றபின்
என் அம்மாவின் கை என் நெற்றிக்கு வரும்.
டெட்டால் வாசம்.
அவசரமே இல்லாத கை.

பால்மரங்களைச் சாய்த்துச் செம்பனை நட்டார்கள்.
தோட்டத்து ஆஸ்பத்திரி உரக் கிடங்காயிற்று.
வேலைக்கு வங்காளதேசத்துப் பிள்ளைகள் வந்தார்கள்;
முள் ஏறிய கையோடு
எங்கள் தாமான் வீட்டு கேட்டுக்கு வெளியே நிற்பார்கள்.
அவர்கள் பேச்சு அவளுக்குத் தெரியாது.
எண்பது வயதில்
கண்ணாடியை மாற்றிப் போட்டுக்கொண்டு
முள்ளை எடுத்துவிட்டு
"சாப்பிட்டியா" என்று தமிழில் கேட்பாள்.
தலையாட்டுவார்கள். சோறு போடுவாள்.

தொண்ணூற்றிரண்டில் படுத்தாள்.
சுங்கைப்பட்டாணி ஆஸ்பத்திரியில்
முக்காடு போட்ட ஒரு சின்னத் தாதி
நாற்பத்தொரு கிலோ என்று எழுதினாள்.
"முப்பத்தொன்பது.
போர்வையையும் சேர்த்து நிறுத்துவிட்டாய்,"
அம்மா மலாயில் திருத்தினாள்.
கடைசி இரண்டு நாளும்
என் மணிக்கட்டை அவள் விடவேயில்லை.
பாசம் என்று நினைத்து அழுதேன்.
"எண்பத்தெட்டு" என்றாள் கண்ணைத் திறக்காமல்.
"போய்க் கொஞ்சம் தூங்கு."

எட்டாம் துக்கத்துக்கு முதல் நாள்
அவள் டிரங்குப் பெட்டியைத் திறந்தேன்.
மூன்று ஐந்து நோட்டுகள், பதினொன்று.
முன்பக்கத்திலிருந்து கடைக் கடன்:
மண்ணெண்ணெய், நெத்திலி, டின் பால்.
பின்பக்கத்திலிருந்து பிரசவம்:
தேதி, தாய் பேர், ஆணா பெண்ணா, எத்தனை பவுண்டு.
கடன் தீர்ந்தால் குறுக்கே ஒரு கோடு.
பிள்ளை தங்காவிட்டாலும்
அதே நீல மை,
அதே கோடு.

நான்காவது நோட்டில் ஒரு புதன்கிழமை.
தனபாக்கியம். ஆண். நாலே கால்.
கோடு நேராக இருந்தது,
அடிக்கோல் வைத்துப் போட்டிருக்க வேண்டும்.
நான் பிறக்க இன்னும் இரண்டு வருஷம் இருந்தது.
யாரும் சொன்னதில்லை. அப்பாகூட.
அடுத்த வரி
வெள்ளிக்கிழமை, இரவு இரண்டு மணி.
வீராயி, அஞ்சாம் டிவிஷன். பெண். ஏழு.
ஓரத்தில், பதினொரு நோட்டிலும்
வேறு யாருக்கும் எழுதாத இரண்டு சொல்:
நல்ல குரல்.

மறுநாள் கூட்டத்தில்
கிள்ளானிலிருந்து பஸ் ஏறி வந்த ஒருத்தி.
தலைக்குச் சாயம், முழங்காலில் பட்டை.
உட்காரும் முன்பே ஆரம்பித்துவிட்டாள்:
"நா வீராயி மக தேவானை.
என்னைய எடுத்தது ஒங்கம்மாதான்.
எங்கம்மாவுக்குப் பாலே ஊறலியாம்.
நா கத்துன கத்துல லயமே முழிச்சிருச்சாம்.
ஒரு வாரம் மிஸ்ஸிதான்
எங்கேருந்தோ பால் கொண்டாந்து குடுத்தாங்களாம்,
சுடச்சுட, கிண்ணத்துல.
டின் பால்தான் போல."

போல, என்றேன்.
இலையில் இன்னும் கொஞ்சம் சோறு வைத்தேன்.
போதும் போதும் என்று கையால் மறைத்தாள்,
நான் வைத்துக்கொண்டே இருந்தேன்.
பந்தலின் அந்தக் கோடி வரைக்கும் கேட்கும்படி
அவள் பேசிக்கொண்டே சாப்பிட்டாள்.
நல்ல குரல்தான்.