நான்கு மணிச் சீட்டு

ஆரல்வாய்மொழிக் காற்று
கவுண்டர் கண்ணாடிக்கு அடியில் கைநுழைத்துச்
சீட்டுகளைக் கலைக்கிறது.
அந்தப் பெண் ஒரு கருங்கல்லை வைத்து அழுத்தியிருக்கிறாள்.
"முன்பக்கம் மட்டும்னா நூத்திருபது.
பின்பக்கமும் பாக்கணும்னா நானூறு கூட.
நாலு மணிக்கு. ரெண்டு இடம்தான் இருக்கு."

பின்பக்கம் என்றால்
கரடி ராத்திரி படுக்கிற கூண்டு,
பூசணி நறுக்குகிற அறை,
ஊசிமருந்து வைத்த ஐஸ்பெட்டி,
முதலைக்குட்டிகள் கிடக்கும் பழைய குளியல்தொட்டி.
படம் பிடிக்கக் கூடாது, சென்ட் அடித்திருக்கக் கூடாது.
நோட்டீஸில் போட்டிருக்கிறது.

விஜிலா பணத்தை எண்ணுகிறாள்.
நான் வேண்டாம் என்கிறேன்.

கன்னியாகுமரியில்
உதயம் பார்க்க ஜன்னல் வைத்த லாட்ஜில்
நாற்பத்திரண்டு அறைகளுக்கு விரிப்பு மாற்றுகிறவன் நான்.
மொட்டைமாடியில் எல்லோரும் நின்று
கடலிலிருந்து ஒன்று சிவப்பாய் எழும்பக் கத்துகையில்
அவர்களின் ஈரத் துண்டுகளைப் பொறுக்கிக்கொண்டிருப்பேன்.
ஒன்பது வருஷத்தில் நான் உதயம் பார்த்தது
மூன்றோ நாலோ தடவை.
அதுவும் மேகம்.

ஒருநாள் ஒரு விருந்தாளி வழிதவறிச்
சலவைக் கொட்டகைக்குள் வந்துவிட்டார்.
பனியனோடு குந்தியிருந்து
கஞ்சி குடித்துக்கொண்டிருந்தேன்.
சாரி என்றார். நல்ல மனுஷன்தான்.
சொன்ன பிறகும் ஒரு நொடி கூடுதலாக நின்றார்.
அந்த ஒரு நொடி
எந்த சோப்புக்கும் போகவில்லை.

இதைச் சொன்னால்
"கரடிக்கு அப்படியெல்லாம் தோணுமா?" என்கிறாள்.
தெரியாது.
தோன்றாது என்று சொல்ல நான் கரடி இல்லை.

அவளுக்கு வேறு கணக்கு.
முந்திரி ஆலையில் தோடு உடைக்கிறவள்.
கல்யாணத்தன்று மோதிரம் போடக் கைநீட்டியபோதும்
விரல்நுனியில் இருந்தது
எண்ணெய் தின்ற அந்தக் கறுப்பு.
"பாயசத்துல பருப்பு பொறுக்கித் தின்னவன்
எவனாவது ஒருத்தன்
எங்க கம்பெனிக்குள்ள வந்து பாத்திருக்கானா?
வந்தா நான் நிமிந்து பாப்பேன்.
கையக் காட்டுவேன்."

பின்னால் நிற்பவர் செருமுகிறார்.
அவர் தோளில் மூக்கொழுகும் ஒரு பிள்ளை.
மலைக்கு முன்னால் காற்றாலைகள்
ஒரு பக்கமும் சாயாமல் சுற்றுகின்றன.

"பின்பக்கத்துக்கு ஒண்ணு தாங்க" என்றேன்.
"ஒண்ணா?"
"ஒண்ணு."
"பேரு சொல்லுங்க."
"விஜிலா. வீட்டுக்காரர் பேரு தவசிமுத்து"
என்று என்னைப் பார்க்காமல் சொன்னாள்.

நாலு மணிக்குப் பச்சைக் கதவுக்குள் போனாள்.
நான் கரடியின் முன்பக்கம் நின்றேன்.
சிமெண்ட் பாறை. ஒரு டயர். காலித் தொட்டி.
கரடியைக் காணோம்.
ஒரு சிறுவன் கம்பியைத் தட்டினான், ஏ கரடி, ஏ கரடி.
அது உள்ளே போயிருக்கும்,
அவள் இருக்கிற பக்கம்.
எனக்குக் கோபம் வந்தது, யார்மேல் என்று தெரியவில்லை.
நானூறு மிச்சம் பிடித்தவன்
ஒரு டயரைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

ஐந்துக்குக் கொஞ்சம் முன்னால் வந்தாள்.
கையில் பூசணி வாசனையும்
பிளீச்சிங் பவுடர் வாசனையும்.
இரண்டாவது
என் கையில் ஒன்பது வருஷமாய் இருப்பது.

தோவாளையில் ஒரு பூமூட்டை
எங்களை நெருக்கிக்கொண்டு பஸ்ஸில் ஏறியது.
அதுவரை அவள் பேசவில்லை. நானும் கேட்கவில்லை.
வெள்ளமடம் தாண்டித்தான் சொன்னாள்:
"வெளிய போர்டுல ராஜான்னு எழுதியிருக்குல்லா,
உள்ள அதுக்கு வேற பேரு."
"என்ன பேரு?"
ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.
"அது அங்க உள்ளவங்க கூப்பிடுறது.
நாம சொல்லக் கூடாது."

கூட்டத்தை விலக்கி வந்த கண்டக்டர்
சில்லறையாய்க் கேட்டார்.
சட்டைப்பையில் துழாவினேன்.
முதலில் தட்டுப்பட்டது
லாட்ஜில் குத்திக்கொள்ளத் தந்த வில்லை,
விக்கி என்று பொறித்தது.