ஆயிரத்து இருநூற்றைம்பது

புதன்கிழமை ஒத்திகை பார்த்தோம்.
ஆரணி ஸ்காபரோவில் இருந்து தூக்கி வந்த போத்தல்,
தடித்த கண்ணாடி, மூடி பவுண் நிறம்.
பேர் என் வாயில் நுழையவில்லை.
விலை நுழைந்தது:
என் கடையின் ஒன்றரை மாத வாடகை.
"மச்சாளுக்கு இதைத்தான் போடோணும் அக்கா,
இஞ்சத்தச் சாமான் ஒண்டும் வேணாம்."

போட்டேன்.
பத்து நிமிடம் பொறுத்து லைட்டைப் போட்டால்
யதுர்சிகாவின் முகம்
நேற்று அள்ளிய அடுப்புச் சாம்பல்.
கழுத்து மட்டும் அவளுடையது.
கண்ணாடியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்,
மச்சாளின் முகத்தைப் பார்த்து
"சோக்கா இருக்கு" என்றாள்.

அவளுடைய நிறம் எனக்குத் தெரியும்.
தயிர்ச்சட்டியின் வெளிப்புறம்,
சூளையில் கொஞ்சம் கூடுதலாய் வெந்த பக்கம்.
போத்தல்காரருக்கு அந்தச் சட்டி தெரியாது.

அன்று பின்னேரமே
களுவாஞ்சிகுடிச் சந்தைப் பக்கத்துப் பாமசிக்குப் போனேன்.
சளி மருந்துக்கும் பிள்ளைப் பவுடருக்கும் நடுவில்
கம்பியில் தொங்குகிற ட்யூப்.
ஆயிரத்து இருநூற்றைம்பது.
தேன் நிறம் ஒன்று, அதைவிடக் கறுப்பு ஒன்று.
லிப்ஸ்டிக் முந்நூற்றெண்பது,
அதையே கன்னத்துக்கும் தேய்க்கலாம்,
விரல் சூட்டில் இளகும்.
இருபது பொம்பிளைகளுக்குத் தேய்த்திருக்கிறேன்,
ஒருத்தியும் செத்துப்போகவில்லை.

வெள்ளி விடிய மூன்றரை.
கச்சான் காற்று அந்த நேரத்திலும் சூடு.
ஆரணி போனைத் தூக்கிப் பிடித்தாள், வீடியோ.
போத்தலைக் கண்ணாடிக்கு முன்னால் வைத்தேன்,
பேர் தெரியத் திருப்பி.
ஆறு தரம் அமத்தினேன்.
மூன்று அமத்தலுக்கு ஒரு கிலோ கீரிமீன் வாங்கலாம்.
அவள் தேத்தண்ணி குடிக்கப் போனதும்
இரண்டு கிலோ கீரிமீனை
ரிசுவில் துடைத்துப் பெட்டிக்குள் ஒளித்தேன்.
புறங்கையில் இரண்டு ட்யூபும் கலந்தேன்:
மூன்றுக்கு ஒன்று,
பிறகு இன்னும் ஒரு பொட்டு.

யதுர்சிகா கண்ணை மூடி இருந்தாள்.
நாடியில் முதல் தட்டு வைத்ததும்
மூக்கு ஒருக்கால் விரிந்தது.
"அக்கா."
"ஆடாத கா."
"இது எங்கட கடைச் சாமான்தானே?"

கை நின்றுவிட்டது.
அந்தப் பாமசியின் காசு மேசையில் இருப்பவள் அவள்.
எப்படி மறந்தேன்.

"லீவு எடுக்க முதல் அந்தப் பெட்டிக்கு
விலை ஒட்டினது நான்.
மூணு வருஷமா நான் போடுறதும் அதுதான்.
என்ன, தேனை மட்டும் போட்டாக் காணாது எண்டு தெரியாது.
மற்றதையும் கலந்தீங்களா?"
கண்ணைத் திறக்காமலே கேட்டாள்.
"இடப்பக்கம் கொஞ்சம் கூடப் போடுங்க,
அங்க ஒரு தழும்பு."

ஒன்பதரைக்கு முகூர்த்தம்.
ஓமப் புகை, ஜெனரேட்டர் புகை,
மணவறையைச் சுற்றி நாலு பெரிய லைட்.
மாப்பிள்ளையின் பவுடர் வழிந்து
சட்டைக் கழுத்தில் கோடு விழுந்தது.
யதுர்சிகா அழுதாள், முகம் அசையவில்லை.
"பாத்தீங்களா, காசுக்கேத்த சாமான்" என்று
ஆரணி ஒவ்வொரு கதிரையாகப் போய் விளக்கினாள்.
நான் பந்தியில் இருந்து
பருப்பை இரண்டாம் தரமும் வாங்கிச் சாப்பிட்டேன்.

மறுகா, நான் வெளிக்கிடுகிற நேரம்
போத்தலை என் பெட்டிக்குள் வைத்தாள்.
"வைச்சுக்கொள்ளுங்க அக்கா, உங்கட கைராசி."
உண்மை நாக்கு நுனிவரை வந்தது.
நன்றி சொல்லி வாங்கிக்கொண்டேன்.

இப்போது அது கடை அலுமாரியில்
ரோட்டைப் பார்த்து நிற்கிறது.
பஸ்ஸுக்கு நிற்கிற பெட்டைகள்
எட்டிப் பார்த்து உள்ளே வருகிறார்கள்.
அந்த நிறத்தில் இன்னும் ஒருத்தியும் வரவில்லை.
வாரத்துக்கு ஒருமுறை தூசு தட்டுகிறேன்.

நேற்று யதுர்சிகா கோல் எடுத்தாள்.
ட்யூப் திங்கட்கிழமையில் இருந்து ஆயிரத்து நானூறாம்.
பழைய விலையில் எனக்கென்று
நாலு ஒளித்து வைத்திருக்கிறாளாம்.